தரையில் வைத்த புள்ளிகள்

எங்கள் வீட்டுத் தரை கத்தத் தொடங்கியபோது நான் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. காலையில் உள்ளே நுழைந்தால் மாலை வரைக்கும் ஏதாவது ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். பேரிங் போனால் எப்படிக் கத்தும், பெல்ட் தளர்ந்தால் எப்படிக் கத்தும், எண்ணெய் இல்லாத சங்கிலி எப்படிக் கத்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப்பட்டவனுக்கு நாலு மரப்பலகை ஒரு விஷயமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று என் மனைவியிடம் சொன்னேன். அப்படிச் சொன்னதற்காக இன்றைக்கும் அவள் என்னைச் சும்மா விடுவதில்லை.

வீடு சிம்பாங் அம்பாட் சந்தியிலிருந்து உள்ளே போகும் ஒரு கம்பத்துச் சாலையில், அதாவது மலாய்க் கிராமத்துச் சாலையில், இருக்கிறது. ஒரு மலாய் வாத்தியார் குடும்பம் கட்டி வாழ்ந்து, பிள்ளைகள் வெளியூர் போனபின் விற்ற வீடு. முன்னால் பூப்போட்ட ஓடு பதித்த படிக்கட்டு. இடுப்பு உயரத் தூண்களின் மேல் முழு வீடும் நிற்கும். தரை முழுக்க மரம், அதுவும் மலாய்க்காரர்கள் ‘செங்கால்’ என்று சொல்லும் மரம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும், அது அசையாது. நான் ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பின் சிமெண்டுத் தரையில் வளர்ந்தவன். வீடு பார்க்கப் போன அன்று செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பலகையில் வெறுங்காலோடு நின்றேன். அந்த வழவழப்பும் குளிர்ச்சியும் உள்ளங்காலில் ஏறியதும் இதுதான் நம் வீடு என்று முடிவு கட்டிவிட்டேன். சமையலறையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று மனைவி கேட்டது என் காதிலேயே விழவில்லை.

புதுமனை புகுவதற்கு மாடு வேண்டும் என்று சொன்னவர் என் மாமியார். மெர்லிமாவில் இருக்கிறார். அவர் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சுக்கே இடம் கிடையாது. அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் எல்லாம் வெள்ளியில் சின்னப் பசு பொம்மை ஒன்றை வைத்துக் காரியத்தை முடிக்கிறார்கள் என்று ஐயரே சொல்லிப் பார்த்தார்.

“பொம்மைய வச்சு குடிபோறதுக்கு இது பொம்மை வீடா சாமி?” என்று கேட்டார் மாமியார். “நெசப் பசுவே உள்ள நடந்து போகணும். அப்பத்தான் எம்மவ வயித்துல ஒண்ணு தங்கும்.”

அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? புக்கிட் ரம்பாய் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அதன்பிறகு என் மனைவி அந்த வீட்டின் குளியலறைக்குள் போகும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்பாள். நாங்கள் வீடு மாறியதற்கு உண்மையான காரணம் அதுதான். வேறு காரணங்களை ஊருக்குச் சொன்னோம்.

ஆகவே மாடு வந்தது. மெர்லிமாவுக்கு அந்தப் பக்கத்தில் மாடு வளர்ப்பவர் ஒருவர், லோரியில் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே வந்து சேர்ந்தார். நான் ஏதோ ஒரு சின்ன மாட்டை எதிர்பார்த்திருந்தேன். இறங்கியதோ கோயில் வாசலில் நிற்க வேண்டிய மாடு. ஓட்டுப் படிக்கட்டில் அது கால் வைக்கவே மாட்டேன் என்றது. லோரியிலிருந்து இறக்க வைத்த பலகையையே படிமேல் சாய்த்துப் போட்டு, இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள, மாட்டுக்காரர் முன்னால் நின்று அகத்திக்கீரையைக் காட்ட, ஒருவழியாக ஏறியது. அதன் பின்னால் நிறைகுடத்தோடு என் மனைவி, சாமி படத்தோடு நான். கூடத்தின் நடுவே நேராகப் போய்ச் சாமி அறைக்கு முன்னால் நின்றது. நின்றது நின்றதுதான். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. இழுக்க இழுக்கக் காலைத் தூக்கித் தூக்கி அடித்தது. பிறகு அங்கேயே மூத்திரமும் பெய்தது. கூடியிருந்த பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம். மாமியார் கண்கலங்கிக் கைகூப்பிவிட்டார். மாட்டை வெளியே கொண்டுபோன கையோடு வாளி வாளியாக மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கூடத்தைக் கழுவித் தள்ளினார்கள்.

வேலியோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது.

மின்சார வயர்களை மாற்ற வேண்டியிருந்ததால் நாங்கள் சாமான்களோடு குடிவந்தது சில வாரங்கள் கழித்துத்தான். அதற்குள் மனைவி கர்ப்பமாக இருப்பது தெரிந்துவிட்டது. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா, பாத்தியா, மாடு!” என்று தொலைபேசியில் அவர் கத்தியது சமையலறை வரைக்கும் கேட்டது. நானும்தான் வானத்தில் மிதந்தேன். அந்தச் சமயத்தில்தான் தரை கத்தத் தொடங்கியது.

சுவரோரமாக நடந்தால் ஒன்றும் இல்லை. கூடத்தின் நடுவில் கால் வைத்தால் போதும், கீய்ங் என்று ஒரு சத்தம். காலை எடுத்தால் இன்னொன்று. முதலில் சிரித்தோம். பிறகு மனைவி சிரிப்பதை நிறுத்தினாள். ஒவ்வொரு தடவை பலகை கத்தும்போதும் அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. மருத்துவர் நன்றாக நடக்கச் சொல்லியிருந்தார். அவளோ சமையலறைக்குப் போவதற்குக்கூடக் கூடத்தைச் சுற்றி, சுவரைத் தடவிக்கொண்டு, விரல்நுனியில் போவாள். சொந்த வீட்டில் திருடி மாதிரி நடக்கிறாளே என்று எனக்கு வயிற்றெரிச்சல். கேட்டால், “ஒண்ணுமில்லீங்க, பழகிப்போச்சு” என்பாள்.

ஐந்தாம் மாதம் பிறந்ததும் மாமியார் சில வாரம் தங்கிப்போக வந்தார். படியேறி, கூடத்தின் நடுவில் நாலு எட்டு வைத்தார். கனமான ஆள். தரை நன்றாகவே கத்தியது. அப்படியே நின்றுவிட்டார்.

“மாப்பிள்ளே, வீடு அழுவுது.”

“பலக அத்தே. பழைய பலக.”

“குடிபூந்த அன்னிக்கு இந்தச் சத்தம் இல்லியே. புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல தர அழக்கூடாது. வளைகாப்பு முடிஞ்ச கையோட இவள நான் கூட்டிட்டுப் போயிடறேன். புள்ள பொறந்தும் இங்க கொண்டாற மாட்டேன். இந்த வீட்ட வித்துட்டு வேற வழியப் பாருங்க.”

எனக்கு சுர்ரென்று ஏறியது. நானாவது, வீட்டை விற்பதாவது! வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். அதற்குள் என் மனைவி என் முகத்தைப் பார்க்காமல், “அம்மா சொல்றதும் சரிதானோ என்னமோ” என்றாள். மாமியார் பேசியது எனக்குக் கோபத்தைத்தான் உண்டாக்கியது. இவள் பேசியது நெஞ்சில் குத்தியது. மீதிக் கர்ப்பத்தையும் அவள் மெர்லிமாவில் கழித்து, பிள்ளையும் அங்கேயே வளர்ந்து, நான் மட்டும் இந்தக் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். வளைகாப்புக்கு முன்னால் இந்தத் தரையின் வாயை மூடாவிட்டால் நான் பழுதுபார்க்கிறவன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை துரு எடுக்கும் எண்ணெயை ஒவ்வொரு இடுக்கிலும் அடித்தேன். தொழிற்சாலையில் கத்துகிற எதற்கும் முதல் வைத்தியம் அதுதான். சத்தம் போகவில்லை. வாடை மட்டும் வீடு முழுக்கப் பரவி, மனைவி அன்றைக்கு முழுக்க வாந்தி எடுத்தாள். அடுத்த வாரம் புது ஆணிகளைக் கொண்டுவந்து அடித்தேன். அத்தனையும் கொக்கி மாதிரி வளைந்து என்னைப் பார்த்துச் சிரித்தன. சரி, திருகாணி போடுவோம் என்று நேராக மரத்தில் வைத்து முடுக்கினேன். பாதி இறங்கி, பட்டென்று தலை தெறித்தது. துளை போடாமல் செங்கால் மரத்தில் திருகாணி இறக்குகிறவனைத் தொழிற்சாலையில் நானே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவசரம் அப்படி.

நான் வேலைக்குப் போன நேரத்தில் மாமியார் தம் வைத்தியத்தைச் செய்தார். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார், சாம்பிராணி போட்டார். அதோடு விட்டாரா? தரையைக் குளிர்விக்கிறேன் என்று மறுபடியும் மஞ்சள் தண்ணீரை வாளியில் கரைத்து ஊற்றிவிட்டார். மாலையில் வந்து கால் வைத்தேன். முன்பு கத்தாத இடமும் கத்தியது.

“அத்தே, மரத்துல தண்ணி ஊத்தாதீங்க! ஊறி உப்பும், காஞ்சா சுருங்கும், ஆணியெல்லாம் லூஸா போவும்.”

“ஓ, மஞ்சத் தண்ணி ஊத்துனா தப்பு, நீங்க பெட்ரோல் மாதிரி நாத்தத்த ஊத்துனா அது சரி?”

துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். போய்க் குளித்தேன்.

குளிக்கும்போதுதான் புத்தி வந்தது. ஓடுகிற இயந்திரத்துக்கு மேலே நின்று எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தால் என்ன தெரியும்? கீழே படுத்துப் பார்க்க வேண்டாமா? தூண்களின் மேல் நிற்கிற வீடு. அடியில் இடுப்பு உயரத்துக்கு இடம் இருக்கிறது. இத்தனை நாளும் மேலேயே குந்திக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

மறுவாரம் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கைவிளக்கோடு வீட்டுக்கு அடியில் புகுந்தேன். நூலாம்படையும் மண்ணும் கோழி எச்சமுமாக இருந்தது. ஆனால் விஷயம் பார்த்தவுடனே விளங்கியது. தரைப் பலகைகள் வாசலிலிருந்து உள்ளே நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றைத் தாங்கும் கட்டைகள் குறுக்கே கிடக்கின்றன. பலகை கட்டையோடு ஒட்டியிருந்தால் சத்தம் வராது. ஆணி பிடி விட்டு நடுவில் ஒரு முடி அளவு இடைவெளி விழுந்தால் போதும். மேலே கால் பட்டதும் பலகை தாழ்ந்து அந்தப் பழைய ஆணியோடு உரசிக் கத்தும். அந்த இடைவெளியில் மெல்லிய ஆப்பைச் சொருகி, கீழிருந்து திருகாணி போட்டு இழுத்துப் பிடித்தால் வேலை முடிந்தது. தெம்பாகிவிட்டது எனக்கு.

ஒரே ஒரு சிக்கல். எந்த இடத்தில் இடைவெளி என்று தெரிய வேண்டுமானால் மேலே ஒரு ஆள் நடக்க வேண்டும். மனைவியைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மீதி இருந்தவர் மாமியார்தான். மகளின் துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அத்தே, ஒரு ஒதவி. கூடத்துல நடக்கணும்.”

“என்னாத்துக்கு?”

“எங்கெங்க கத்துதோ அங்கெல்லாம் ஒரு அடையாளம் வைக்கணும். நான் கீழ இருந்து பாத்து அடையாளம் போட்டுக்குவேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய், ஒரு கிண்ணத்தில் அரிசி மாவை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வந்தார். தினமும் வாசலில் கோலம் போடுகிற கை. அடையாளம் என்றதும் அந்தக் கைக்கு மாவுதான் தோன்றியிருக்கிறது.

நான் கீழே மல்லாந்து படுத்தேன். மேலே அவர் ஒவ்வொரு எட்டாக வைத்தார்.

“மாப்பிள்ளே, கேக்குதா?”

“கேக்குது. அங்கேயே இருங்க. இன்னும் கொஞ்சம் வலது பக்கம்.”

“எது வலது? நீங்க படுத்திருக்கீங்க, நான் நிக்கிறேன்.”

“சாமி ரூம்பு பக்கம் அத்தே!”

“அப்படிச் சொல்லுங்களேன் லா. வலது எடதுன்னுகிட்டு.”

கீய்ங். மேலே அவர் ஒரு சிட்டிகை மாவை வைப்பார். கீழே நான் கட்டையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவேன். பலகை இடுக்கு வழியாகக் கொஞ்சம் மாவு என் கண்ணிலும் விழும். இத்தனை வருடத்தில் நானும் அவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை. வேகமாகவே போனது. கூடத்தில் பாதியைத் தாண்டியிருப்போம். மேலே காலடி நின்றது.

“அத்தே? இருக்கீங்களா?”

“இருக்கேன். மாப்பிள்ளே... உங்க மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல.”

கையிலிருந்த சுண்ணக்கட்டியை மார்மேல் வைத்தேன்.

“இவளுக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு தங்கல. யாருக்கும் தெரியாது, இவளுக்கே தெரியாது. அப்ப இருந்த வீட்டுல கூரத் தகரம் ஒண்ணு லூசு. காத்தடிச்சா கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே கெடக்கும். அதக் கேட்டுக்கிட்டே படுத்துக் கெடந்தேன். இங்க கால வச்சதும் எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. பயமா இருக்கு மாப்பிள்ளே. வேற ஒண்ணுமில்ல.”

கைவிளக்கை அணைத்தேன், ஏனென்று தெரியவில்லை.

“எனக்கும் பயம்தான் அத்தே,” என்றேன். “ராத்திரி அவ எழுந்து குளியலறைக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் நான் மூச்சு விடறதில்ல.”

முகத்துக்கு நேராக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட. நடுவில் ஒரு பலகை இருந்ததால் சொல்ல முடிந்தது. மேலே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு பழைய குரல் வந்தது.

“சரி, சரி. படுத்துக்கிட்டே இருந்தா வேல ஆவுமா? அடுத்த பலக. சொல்லுங்க.”

முழுக் கூடமும் முடிந்ததும் நான் தலையெல்லாம் நூலாம்படையோடு மேலே ஏறி வந்தேன். மனைவி படுக்கையறை வாசலில் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று புரிந்தது. தரையைப் பார்த்தேன்.

புள்ளிகள் கூடம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மஞ்சள் தண்ணீர் ஊறிய பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. மற்றதெல்லாம் வாசற்படியிலிருந்து ஒரே வரிசையாக, ஒரு ஆள் அகலத்துக்கு, ஒவ்வொரு கட்டையின் மேலும் இரண்டு மூன்றாக உள்ளே வந்தன. சாமி அறைக்கு முன்னால் வந்ததும் குவியலாக ஒரே வெள்ளை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை.

“இது என்னா இது,” என்று நான் எனக்குள்ளேயே பேசிக்கொண்டேன். “அலமாரி இந்தப் பக்கம் வைக்கல. கட்டிலையும் பின்வாசல் வழியாத்தான் கொண்டுவந்தோம். ஏன் இந்த ஒரு பாதையில மட்டும் ஆணி பிடி விட்டிருக்கு?”

“ஏங்க,” என்றாள் என் மனைவி. “அன்னிக்கு நான் கொடத்தத் தூக்கிக்கிட்டு எப்படி நடந்து வந்தேன்?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரை விட்டு விலகியிருந்தாள். நேராகக் கூடத்தின் நடுவுக்கு வந்தாள். வாசற்படிக்குப் போனாள். அங்கிருந்து, இல்லாத குடத்தை இடுப்பில் பிடித்துக்கொண்டு, புள்ளிகளின் மேலேயே நடந்து வந்தாள்.

“இப்படி வந்துச்சு. நான் பின்னாலயே வந்தேன். அதோட வாலு என் மூஞ்சில பட்டுச்சு. இங்க வந்து நின்னுச்சு. இங்கதான். இழுக்க இழுக்க வரமாட்டேன்னு, இப்படிக் காலத் தூக்கித் தூக்கி அடிச்சுச்சு.” சொல்லிக்கொண்டே அந்தக் குவியலின் மேல் நின்று, இரண்டு தடவை காலைத் தரையில் அடித்தும் காட்டினாள். “ம்மா! இது மாடு வந்த வழி ம்மா!”

அவள் வைத்த ஒவ்வொரு எட்டுக்கும் தரை வீறிட்டுக் கத்தியது. அது அவள் காதில் விழவே இல்லை. கை வயிற்றுக்குப் போகவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியார் மாவுக் கிண்ணத்தோடு சிலையாக நின்றார். படிமேல் பலகையைச் சாய்த்து, இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளிய அந்த மாட்டின் கனம் மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஏறுவது தெரிந்தது.

“வீடு அழல அத்தே,” என்றேன் நான். “உங்க மாடு—”

“என்னா என் மாடு? உங்க வீட்டுக்குத்தான வந்துச்சு!”

“நீங்கதான அழைச்சிட்டு வந்தீங்க?”

“கோமாதாவக் குத்தம் சொல்லாதீங்க மாப்பிள்ளே. உங்க பலக வீக்கு லா!”

முதலில் சிரித்தது என் மனைவிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் அங்கேயே, அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே, தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் முறைத்துப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரும் சிரித்தார். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அதற்குப் பிறகு வேலை கண்ணாடி மாதிரித் தெளிவு. பாதை தெரிந்துவிட்டது, கட்டையில் கோடும் இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் தினமும் கொஞ்சம் அடியில் புகுந்தேன். காய்ந்த மரத்தில் மெல்லிய ஆப்புகள் சீவி, பசை தடவி, இடைவெளிகளில் சொருகினேன். அதிலும் ஒரு அளவு இருக்கிறது. இறுக்கி அடித்தால் பலகை மேலே தூக்கிக்கொண்டு பக்கத்துப் பலகையோடு சண்டை போடும். கை அழுத்தத்துக்கு எவ்வளவு போகுமோ அவ்வளவுதான். பிறகு முதலில் துளை, அப்புறம் திருகாணி. திருகாணியின் நீளத்தை இரண்டு தடவை அளந்தேன். மேலே முனை நீட்டிக்கொண்டு யார் காலையாவது பதம் பார்த்தால் மாமியார் என்னைத் திருகியிருப்பார். பலகையும் பலகையும் உரசிய இடங்களில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவித் துணியால் உள்ளே தேய்த்துவிட்டேன். மாமியாரின் பவுடர்தான். அவராகவே கொண்டுவந்து கொடுத்தார். கூடம் ஒரு வாரம் கல்யாண வீடு மாதிரி மணத்தது.

ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. இடுக்கெல்லாம் இறங்கியிருந்த அரிசி மாவுக்கு எறும்பு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அதுவும் மாடு வந்த வழியிலேயே வரிசையாக வந்தது. மாமியார் அதைப் பார்த்து, “நல்ல சகுனம்” என்று தொடங்கினார். நான் திரும்பிப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு விளக்குமாற்றை எடுத்துவந்தார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருநாள் வேலியோரம் வந்து, அடியில் படுத்து என்ன செய்கிறாய் என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மாடு ஏறியபோதே தரை தாங்காது என்று அவருக்குத் தோன்றியதாம். “உங்கள் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை” என்று மலாயில் சொன்னார். இனிமேல் எங்கள் வழக்கம் எதுவானாலும் வாயைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

வளைகாப்பை எங்கள் வீட்டிலேயே வைத்தோம். இடையில் ஊருக்குப் போயிருந்த மாமியார் அன்று காலையில் காரில் வந்து இறங்கினார். மெர்லிமாவிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து கூடத்தில் நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், தட்டுகளைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் போனார்கள். மாமியார் வாசலில் நின்று வரவேற்றாரே தவிர, ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லார் காலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வளையல் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. எனக்கு மார்பு விரிந்துவிட்டது. இருக்காதா பின்னே?

ஆனாலும் மகளின் பை கட்டியபடியே கதவோரம் இருந்தது. விருந்து முடிந்து எல்லாரும் கிளம்பியதும், தாய்வீட்டுக்கு அழைத்துப்போகிற நேரம் வந்தது. வழக்கம் அது. நான் தடுக்க முடியாது. பையை எடுக்கக் குனிந்தேன்.

“அத வைங்க,” என்றாள் என் மனைவி. “ம்மா, நான் வரல. புள்ள இந்த வீட்டுக்குத்தான் வரணும். நீ இங்க இரு.”

மாமியார் அவளை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். படியிறங்கிப் போனார். போச்சு, கோபித்துக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். கீழே நின்ற காரின் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே அவருடைய சொந்தப் பை ஒன்று இருந்தது. பக்கத்தில் தலையணையும்கூட.

“பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே மாப்பிள்ளே, வந்து தூக்குங்க லா,” என்றார்.

என் மனைவி சுவரைத் தடவி நடப்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் கடைசி மாதங்களில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சத்தம் நின்றால் மட்டும் போதுமா என்று அந்தக் கூடத்தில் படுத்துக்கொண்டு யோசிப்பேன். தரையை நான் பழுதுபார்த்துவிட்டேன். அதற்கு மேல் என் கையில் எதுவும் இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று மழை பெய்து விட்டிருந்தது. படிக்கட்டின் உச்சியில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். சுற்றிப் பொட்டு வைத்து, “வலது கால வச்சு உள்ள வா” என்றார். என் மனைவி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். மாடு வந்த அதே வழியில், கூடத்தின் நடுவில், குதிகால் அழுந்த நடந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் மாமியாரும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் ஒரு சத்தம் இல்லை. சாமி அறைக்கு முன்னால், அந்த மாடு நின்ற இடத்தில் அவளும் நின்றாள்.

அந்தச் சமயம் பார்த்துப் பிள்ளை வாயைத் திறந்தது. அப்பா, அது என்ன குரல்! முகமெல்லாம் சிவக்கக் கைகாலை உதறிக்கொண்டு, வேலிக்கு அப்பால் இருந்த பெரியவர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு வீறிட்டது. நான் பதறிப்போய்த் தூக்கப் போனேன். மாமியார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“அழட்டும் மாப்பிள்ளே, நல்லா அழட்டும்,” என்றார். “இந்த வீட்டுல கேக்க வேண்டிய சத்தம் இதுதான்.”